சென்னிமலை கேட்ட ஐந்தாவது அத்தியாயம்

சென்னிமலை ஐயா பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தால் முதலில் என்னைப் பார்க்கமாட்டார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் பார்ப்பார். நான் எழுந்து வணக்கம் சொல்லும்போதே அவருடைய வலது கை அதைத் தொட்டிருக்கும். சூடாக இருந்தால் நான் வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். குளிர்ந்திருந்தால், அவருடைய டிவிஎஸ் வண்டியை வாசலில் பார்த்த யாரோ சொல்லி ஓடிவந்து உட்கார்ந்தேன் என்று பொருள்.

இதை அவர் மில்லில் பழகியிருந்தார். கோயமுத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் டைம் ஆபீஸில் அவர் வேலை பார்த்தவர். யார் வந்தார், யார் வரவில்லை, யாருடைய வருகை டோக்கனை யார் போட்டார் என்று கண்காணிப்பதுதான் அந்த வேலை. ஷிப்ட்டில் பஞ்சு மூட்டை மேல் படுத்துத் தூங்குகிறவர்கள் இவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவிடுவார்களாம். இவர் மூட்டையைத் தொட்டுப் பார்ப்பாராம். அங்கே சூடு இருந்தால் குற்றம். என் விஷயத்தில் அது தலைகீழானது. அதில் அவருக்கே ஒரு குழப்பம் இருந்திருக்க வேண்டும். சில நாள் சூடான நாற்காலியைத் தொட்டுவிட்டும் முகத்தைச் சுளிப்பார்.

அவர் என்னைக் கண்காணிப்பதற்குக் காரணம் பணம். நான் சட்டத்தில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெட் தேர்வில் தேறினேன். மாதாமாதம் பணம் வரும் ஜேஆர்எஃப் மட்டும் கைநழுவிப் போனது. முழுநேர ஆய்வாளர் வேறு வேலைக்குப் போகக் கூடாது, கோர்ட்டில் ஆஜராகக் கூடாது. ஆனால் கட்டணம் கட்ட வேண்டும், தனியார் பெண்கள் விடுதிக்குக் கொடுக்க வேண்டும், பழைய தீர்ப்புகளைத் தேடிச் சென்னைக்குப் போய்வர வேண்டும். என் அம்மாவும் அப்பாவும் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் மல்லிகை போட்டிருக்கிறார்கள். பூ விலை ஏறினால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்போம். அது அடிக்கடி நடப்பதில்லை. அவர்கள் அனுப்புவதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு அறக்கட்டளையின் தாள் ஒட்டியிருந்தது. சட்டத்தில் முனைவர் பட்டம் படிப்பவருக்கு மூன்று ஆண்டு உதவித்தொகை. சட்டத்துக்கு மட்டும். பொறியியலுக்குக் கொடுப்பார்கள், மருத்துவத்துக்குக் கொடுப்பார்கள். சட்ட ஆய்வுக்கு யார் கொடுக்கிறார்கள்? அப்பாவிடம் போனில் சொன்னேன்.

“சும்மா யாரு கண்ணு குடுப்பாங்க? பொண்ணு கிண்ணு பாக்கறாங்களோ என்னமோ. நல்லா விசாரிச்சுப்போட்டு வாங்கு.”

“முனைவர் பட்டத்துக்கு யாருப்பா பொண்ணு பாப்பாங்க?”

“அதுவுஞ்செரி” என்று அவர் சொன்ன வேகம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

விசாரித்தேன். மில்லைத் தொடங்கிய பெரிய முதலாளிக்கு ஒரு நில வழக்கு இருந்திருக்கிறது. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து மேல் கோர்ட்டில் தோற்றிருக்கிறார். அவருடைய வக்கீல், ‘அந்தச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்று சொன்னாராம். அந்தக் கோபத்தில், சட்டத்தைக் கடைசிவரை படிக்கிறவருக்கு உதவ வேண்டும் என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மில் மூடப்பட்டது. இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. அறக்கட்டளை மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் செயலாளராக முதலாளி வீட்டார் சென்னிமலையை வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு முன்பு அந்தப் பணத்தை வாங்கியவர் சுரேந்தர் என்று ஒருவர். முழுநேர ஆய்வாளர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பொள்ளாச்சி கோர்ட்டில் கமுக்கமாகப் பிராக்டிஸ் செய்திருக்கிறார். சென்னிமலைக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் பஸ் ஏறிப் போய், கையில் ஒரு பழைய கரண்ட் பில்லைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கட்சிக்காரர் மாதிரி கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சுரேந்தரே அவரிடம் வந்து, “என்ன கேசுங்க?” என்று கேட்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்த சென்னிமலை, “உங்க கேசுதானுங்க” என்றாராம்.

இந்தக் கதையை என்னிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னார். அதற்குப் பிறகு யார் சிரிக்க முடியும்?

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். காங்கேயம் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். பங்காளிகள் எல்லாம் மாடு, நிலம் என்று இருக்க, இவர் எஸ்எஸ்எல்சி முடித்ததும் மில்லுக்கு வந்தார். ‘மில்லு சங்குச் சத்தத்துக்கு எந்திரிக்கறவன்’ என்று ஊரில் கேலி பேசினார்களாம். அவருடைய மனைவி குழந்தையம்மாள் பேச்சு வாக்கில் அடிக்கடி வருவார், நேரில் வந்ததில்லை. பல்கலைக்கழகக் கேன்டீனில் ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டால் சென்னிமலை வரமாட்டார். தண்ணீர்கூட வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவருவார். என்னிடம் ஒரு டீ குடித்தால் என் அடுத்த அரையாண்டு அறிக்கைக்குக் குறிப்பு எழுதும்போது கை வளைந்துவிடும் என்று பயம்.

“எனக்கொண்ணு புரியலீங் அம்மணி” என்பார். “வக்கீலாகறதுக்குப் படிச்சுப்போட்டீங்க. அதுக்கு மேல ஒண்ணும் படிச்சுப்போட்டீங்க. இப்ப இதையும் முடிச்சா வக்கீலா, வாத்தியாருங்களா?”

“வாத்தியார் ஆகலாங்க. இல்லைன்னா ஆராய்ச்சி பண்ணலாங்க.”

“இப்பவும் அதத்தான பண்றீங்க?”

அறைத்தோழி கோமளா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறாள். “உன் டைம் ஆபீஸ் மாமா கேக்கறதுல என்னடி தப்பு? எங்க கம்பெனில காம்ப்ளையன்ஸ்ல ஆள் எடுக்கறாங்க. எல்எல்எம் போதும். நாளைக்கே சேந்துக்கலாம். சேரை யாரும் தொட்டுப் பாக்கமாட்டாங்க.”

அவள் சொன்னது விளையாட்டில்லை. உதவித்தொகை நின்றால் எனக்கு அந்த வேலைதான். ஆய்வு நடுவழியில் நின்றுவிடும். அரைகுறை ஆய்வை அலமாரியில் வைத்துவிட்டு ‘அப்புறம் முடிப்பேன்’ என்று சொல்லும் இருவரை எங்கள் துறையிலேயே தெரியும். இருவருமே முடிக்கவில்லை.

என் தலைப்பு, மூடப்பட்ட ஆலைகளில் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு. பெரிய ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும். ஆனால் தொழிலாளர்கள் எல்லாரும் தாங்களாகவே ராஜினாமா செய்துவிட்டால்? அப்போது ஆலையில் ஆளே இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இப்படி நடந்ததா, எப்படி நடந்தது என்று பழைய தொழிலாளர்களிடம் நேரில் கேட்டு எழுதுவது என் ஐந்தாவது அத்தியாயம். மூன்று மில்களை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பணம் கொடுக்கும் குடும்பத்தின் மில் அதில் ஒன்று. அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதினால் என்னை நானே எப்படிப் பார்ப்பது என்று சேர்த்துக்கொண்டேன். அப்போது அது வீரமாகத் தெரிந்தது. பேட்டி எடுக்கப் போகும்வரை எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.

சுப்பாத்தாள் அக்கா அந்த மில்லில் நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை செய்தவர். பழைய மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார். என்னை உட்காரவைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே நேராக வந்தது.

“உனக்கு யாரு கண்ணு காசு குடுக்கறாங்க?”

“ஒரு டிரஸ்ட்டுங்க அக்கா.”

“எந்த டிரஸ்ட்டு?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. சொன்னேன். அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். காபி வைக்கத்தான் பற்றவைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

“அப்ப நான் சொல்றத அங்க கொண்டுபோயி ஊதிருவ.”

“உங்க பேரு எங்கயும் வராதுங்க அக்கா. யாரு கேட்டாலும் சொல்லமாட்டேன்.”

“யாரு கேட்டாலுமா? காசு குடுக்கறவன் கேட்டா?”

“அவங்க கேட்டாலுந்தான்.”

வெகுநேரம் என்னை அளந்து பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பேசினார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று வெகுநாளாக வைத்திருந்தது போலிருந்தது.

“மில்லு கேட்டுக்கிட்ட கூப்பிட்டாங்க. ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிட்டது டைம் ஆபீஸ் சென்னிமலைதான். வெள்ளத்தாளு. ஒண்ணும் எழுதல. ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கக்கா, மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க’ன்னான். அவன் சொன்னா நம்புவோம். லீவு கழிக்கறதுல ஒருநாளும் ஒருத்தருக்கும் அநியாயம் பண்ணாதவன் அவன். அதனாலதான் அவனை வெச்சுக் கூப்பிடவெச்சாங்க. அது எங்களுக்கு அப்ப வெளங்கல.”

அந்தத் தாள்கள்தான் பிற்பாடு ராஜினாமாக் கடிதங்களாயின.

விடுதிக்குத் திரும்பும்போது சென்னிமலை இதுவரை கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வேறு மாதிரி ஒலித்தது. ‘எங்கெங்க போறீங்க? யாரைப் பாக்கறீங்க? பஸ்சுலயா போனீங்க?’ நான் படிக்கிறேனா என்று பார்க்க வந்தாரா, என்ன கண்டுபிடிக்கிறேன் என்று பார்க்க வந்தாரா? மில்லில் எல்லாரையும் அனுப்பிவிட்டு இவருக்கு மட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். எதற்கு? இப்படிப்பட்ட பெண் ஒருத்தி வந்தால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளத்தானா?

இந்தச் சந்தேகத்தில் எனக்கே என் மேல் ஒரு சந்தேகம் உண்டு. என் கூடப் படித்தவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் மாதாமாதம் பணம் வரும். அது ஏன் வருகிறது என்று அவர்கள் கேட்டதே இல்லை. அப்பா அனுப்புகிறார், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலிருந்து முதலில் பட்டம் வாங்கியவள் நான். யாராவது கதவைத் திறந்துவிட்டால் உள்ளே போவதற்கு முன் கதவுக்குப் பின்னால் பார்க்கிறேன். இது புத்திசாலித்தனமா, இல்லை வெறும் பழக்கமா? தெரியவில்லை.

என் நெறியாளர் உஸ்மா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தீசிஸ்ல அத்தியாயம் அப்படியே இருக்கட்டும். ஒரு வரிகூட மாத்த வேண்டாம். ஆனா டிரஸ்ட்டுக்குக் குடுக்கற அரையாண்டு அறிக்கையில அது எதுக்கு? கடைசி வருஷப் பணந்தான் பாக்கி. அவங்க புதுப்பிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

அது நியாயமாகப்பட்டது. நான்கு அத்தியாயங்களுக்கு மட்டும் அறிக்கை எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாளே சென்னிமலை வந்துவிட்டார். அன்று நாற்காலியைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏனுங் அம்மணி, போன அறிக்கையில அஞ்சு அத்தியாயத் தலைப்பு இருந்துச்சு, அஞ்சாவதுல நம்ம மில்லு பேரும் இருந்துச்சு. இதுல நாலுதான் இருக்குது. ஒண்ணு எங்கீங்க?”

“கொஞ்சம் சுருக்கிட்டேங்க ஐயா.”

“சுருக்குனா அந்த வெசயம் மத்த நாலுல எங்கியாச்சும் இருக்கோணுமில்ல? ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன். இல்லீங்.”

நான் முன்னால் இருந்த புத்தகத்தை மூடினேன்.

“யாருங்க கேட்டது?”

“என்னங்க?”

“எடுக்கச் சொல்லி யாரு கேட்டாங்கன்னு கேக்கறேன். தேஜா தம்பி போன் பண்ணுச்சுங்களா?”

தேஜா பெரிய முதலாளியின் பேரன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. “இல்லீங்க” என்றேன்.

“அந்த அபார்ட்மென்ட் கட்டுனவங்க? இல்ல, யூனியன்ல இருந்தாங்களே, அவங்கள்ல யாராச்சும்? எவ்வளவு குடுத்தாங்க?”

இவருக்குப் பயந்து எடுத்த அத்தியாயத்தை நான் யாருக்கோ விற்றுவிட்டேன் என்கிறார் இவர்!

“நான் உங்க டிரஸ்ட்டு காசைத் தவிர வேற யாரு காசும் வாங்கலீங்க ஐயா.”

“அதுதானுங்க சந்தேகமே. ஒரு பக்கம் வாங்கறவங்க இன்னொரு பக்கமும் வாங்க மாட்டாங்கன்னு என்ன இருக்குது? சுரேந்தரும் இப்பிடித்தான் கண்ணைப் பாத்துப் பேசுனாரு.”

“அதுக்காக என்னையும் அப்படியே நெனப்பீங்களா?”

“நெனக்கலீங். கேக்கறேன்.” குரலைத் தாழ்த்தினார். “செரி. அந்த அத்தியாயத்துக்கு யாரு யாருகிட்டப் பேசுனீங்க? பேரச் சொல்லுங்க.”

இதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அப்போது முடிவே செய்துவிட்டேன்.

“சொல்லமாட்டேங்க.”

“எனக்கு மட்டும்.”

“யாருக்கும் சொல்லமாட்டேங்க. வாக்குக் குடுத்திருக்கேன்.”

அவர் எழுந்தார். அவருடைய நீல மசிப் பேனா சட்டைப்பையில் சாய்ந்திருந்தது, நேராக்கிக்கொண்டார். “அப்ப நான் ‘திருப்தி’ன்னு எழுதறதுக்கில்லீங். வெள்ளிக்கெழம மொதலாளியம்மா ஊட்டுல மீட்டிங் இருக்குது. நேருல வந்து அவங்ககிட்டயே சொல்லிக்குங்க.”

‘திருப்தி’ என்று அவர் எழுதாமல் அறக்கட்டளை ஒரு ரூபாய் தராது.

வெள்ளிக்கிழமை வரை கோமளா என்னை விடவில்லை. “பேசாம அஞ்சாவதை வேற தலைப்புல எழுதறேன்னு சொல்லிடு. கோர்ட் தீர்ப்பை மட்டும் வெச்சு எழுது. ஆளுங்களே வேண்டாம். பணமும் வரும், யாருக்கும் சங்கடமில்ல.”

“சுப்பாத்தாள் அக்கா சொன்னது?”

“யாரு படிக்கப்போறா லோகா?”

அந்தக் கேள்வி அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சுப்பாத்தாள் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்ததுதான் கண்முன் நின்றது. ஐந்தாவது அத்தியாயம் இருக்கிறது, உங்கள் மில் அதில் இருக்கிறது, பெயர்கள் சொல்லமாட்டேன். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பணம் நின்றால் கோமளாவின் கம்பெனி.

முதலாளி வீடு அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவில் இருந்தது. பெரிய முதலாளியின் மருமகள் வரலட்சுமி அம்மாதான் அறக்கட்டளைத் தலைவர். தலை முழுக்க வெள்ளை, வைரத்தோடு, பருத்திச் சேலை. பக்கத்தில் மகன் தேஜா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது. சென்னிமலைக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவர் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா, சென்னிமலை ‘திருப்தி’ எழுதமாட்டேங்கறாரே? என்ன பண்ணுனே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார் வரலட்சுமி அம்மா.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். வெள்ளைத்தாள் என்ற இடம் வந்தபோது சென்னிமலையைப் பார்க்கவில்லை. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதையும் சொல்லவில்லை. “இதை எடுக்க முடியாதுங்க அம்மா. பேசுனவங்க பேரையும் தர முடியாது. உதவித்தொகை வேண்டாம்னு நீங்க நெனச்சா நான் புரிஞ்சுக்கறேன்” என்று முடித்தேன்.

“நம்ம மில்லா?” என்றார் வரலட்சுமி அம்மா. “எந்த வருஷம் மூடுனோம் சென்னிமலை? தேஜா அப்ப ஊட்டி ஸ்கூல்ல இருந்தானா?”

“ஆமாங்கம்மா. தம்பி ஏழாவது.”

தேஜா போனிலிருந்து தலையைத் தூக்கினார். “இந்த தீசிஸை எத்தனை பேர் படிப்பாங்க?”

“படிக்கறவங்க… கட்டாயம் படிக்கறவங்க மூணு பேருங்க. எங்க மேடம். அப்புறம் ரெண்டு எக்ஸாமினர்.”

“மூணு பேரா?” அவர் நிஜமாகவே சிரித்துவிட்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “இதுக்கா ஒரு மீட்டிங்? மில்லே இல்ல, கேஸும் இல்ல. என்ன வேணா எழுதட்டும்மா. டிரஸ்ட் பணத்தை இந்த வருஷத்துக்குள்ள செலவு காட்டலைன்னா டாக்ஸ் வரும்னு ஆடிட்டர் வேற கத்திட்டிருக்கார். குடுத்துடுங்க.”

“நன்றின்னு முன்னாடி ஒரு பக்கம் போடுவீங்க இல்ல? அதுல மாமனார் பேரை நல்லா போட்டுடும்மா” என்றார் வரலட்சுமி அம்மா. “சென்னிமலை, செக் எழுதிக் கொண்டாங்க. காபி ஆறுது பாரு, குடி.”

அவ்வளவுதான். நான் இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் தேடிய ஆள் அங்கே இல்லவே இல்லை. கடைசி வருடப் பணம் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். யாரோ என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனது போலத்தான் இருந்தது.

வெளியே வந்தேன். கேட் ஓரமாகச் சென்னிமலை தன் டிவிஎஸ்ஸை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வந்தார். கொஞ்சதூரம் இருவரும் நடந்தோம்.

“மூணு பேருதானுங்களா?” என்றார்.

“ஆமாங்க ஐயா.”

“நெசமாவா?”

“அச்சாகி வந்தா இன்னும் கொஞ்சம் பேரு படிக்கலாங்க.”

“எங்கூட்டுக்காரி தெனமும் கேக்கறா, அந்தப் புள்ள உங்க பேரப் போட்டுருச்சா, போட்டுருச்சான்னு. சோறு எறங்கல எனக்கு.” வண்டியை நிறுத்தினார். “நீங்க பேசுனவங்க என்ற பேரச் சொல்லியிருப்பாங்க. தெரியும். சொல்லாம எப்பிடி?”

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“நாலு அத்தியாயத்தப் பாத்ததும் யாரோ விலைக்கு வாங்கிட்டாங்கன்னுதான் நெனச்சேன். இப்பக் கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. எதுக்கு எடுத்தீங்க?”

“உங்களுக்குப் பயந்துதாங்க.”

“எனக்கா?” அவருடைய முகத்தில் வந்தது கோபமா, அதிர்ச்சியா என்று எனக்குப் பிடிபடவில்லை. “ரெண்டு வருசமா உங்க முன்னால வந்து வந்து நிக்கறேன். யாரு யாருகிட்டயோ போயிக் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

நான் அவரைக் கேட்க நினைத்ததே இல்லை. பணம் கொடுக்கும் பக்கத்து ஆள் என்று ஒரு கட்டத்துக்குள் அடைத்துவைத்திருந்தேன்.

தெருமுனையில் ஒரு பேக்கரி இருந்தது. அவராகவே உள்ளே போனார். இரண்டு டீ சொன்னார். தன் டீக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தார். நானும் என் டீக்குக் கொடுத்தேன். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார்.

“எழுதிக்குங்க. பேரு போட்டுக்கலாம். நான் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடலீங். கூப்பிட்டது மேனேஜரு. நான் பேனாவக் குடுத்தேன். அவ்வளவுதான்.”

சுப்பாத்தாள் அக்கா சொன்னது வேறு.

“அந்த மேனேஜர் இப்ப எங்கீங்க?”

“செத்துட்டாருங்க.”

“வேற யாராச்சும் அங்க இருந்தாங்களா?”

“அவங்கதான் என்னையச் சொல்லுவாங்களே.”

“தாளு வெள்ளையா இருந்தது உங்களுக்குத் தெரியுங்களா?”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

“என்ற கையெழுத்தும் அதே மாதிரித் தாளுலதானுங்க. நானுந்தான் போட்டேன்.”

“ஆனா உங்களுக்கு மட்டும் வேலை குடுத்தாங்க.”

“குடுத்தாங்க.”

“எதுக்குங்க?”

“தெரியலீங் அம்மணி. நல்லவன்னு குடுத்தாங்களா, வாயத் தொறக்காம இருக்கட்டும்னு குடுத்தாங்களா? மாசாமாசம் சம்பளம் வாங்கும்போது நெனப்பு வரும். அவங்களக் கேக்க முடியுங்களா? இன்னைக்குப் பாத்தீங்களே, எந்த வருசம் மூடுனோம்னே அவங்களுக்கு நெனப்பில்ல.”

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததுமே அதையும் சந்தேகப்பட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை மறைப்பதற்காக இந்தக் கையெழுத்துக் கதையைச் சொல்கிறாரோ? நிஜமாகவே போட்டிருந்தாலும், மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு முன் போட்டாரா, பின் போட்டாரா? முன் என்றால் அவர்களோடு ஏமாந்த ஒரு மனிதர். பின் என்றால் ஒப்புக்குக் கையெழுத்துப் போட்ட வேறு மனிதர். கேட்டேன்.

“அது நெனப்பில்லீங்” என்றார், கொஞ்சம் அவசரமாக.

ஆளில்லாத நாற்காலியைக்கூட விசாரிக்கிறவருக்கு இது மட்டும் நினைவில்லையா?

“நீங்க சொல்றதையும் போடுவேங்க ஐயா. அவங்க சொன்னதையும் போடுவேன். ரெண்டும் ஒத்துவரலேன்னும் எழுதுவேன்.”

“எழுதுங்க.” டம்ளரை வைத்தார். “நீங்க என்னைய நம்பறீங்களா?”

பொய் சொல்லி ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம். செக் என் பையில் இருந்தது. இனி அவர் எதையும் நிறுத்த முடியாது. அதனாலேயே பொய் சொல்லத் தோன்றவில்லை.

“பாதி நம்பறேங்க.”

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பொள்ளாச்சி கோர்ட் வராந்தாவில் இருந்ததாக நான் நினைத்திருந்த அதே முகத்துடன் கேட்டார்:

“எந்தப் பாதிங்க?”